மருந்தடித்த வரிசைப் புல்

மாதவி எனக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி. சின்னையா தம்புசாமியோட மூணாவது மக. தெலுக் பங்லிமா காராங்கில் எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டத்து ஓரம் அஞ்சு மாடு வைத்திருக்கிறாள். புருஷன் போனதிலிருந்து அதுகள்தான் அவளுக்குச் சோறு. அதிலே செவலை நிறைசினை.

போன டிசம்பரில் அடைமழை. கிள்ளானிலிருந்து அவளுக்குத் துணையாகப் போயிருந்தேன். மழைக்காலத்தில் கொட்டகை வேலை ஓயாது. சாணித் தண்ணியைத் தள்ளணும், குளம்பைக் கழுவித் துடைக்கணும், கொசுவுக்குத் தேங்காய் மட்டையைப் புகைய விடணும். வழக்கமாகப் புல் அறுக்கும் ஆற்றோரம் முழுகிப் போனதால், அன்று காலை செம்பனை வரிசைக்குள்ளேயே அறுத்து வந்தாள். தலையில் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் பை.

மாடுகள் பாதித் தீனி தின்றிருக்கும். தோட்டத்தில் களைக்கு மருந்தடிக்கிற ஜாபர் அலி சைக்கிளில் போனவர் சட்டென்று நின்றார். ராமநாதபுரத்துக்காரர், மலேசியாவுக்கு வந்து இரண்டு மாசம்தான்.

"அக்கா, தலையில இருக்கிற பையை எங்க எடுத்தீங்க?"

"ஓலையில தொங்குச்சு தம்பி, மழைக்கு ஆகும்னு எடுத்தேன். ஏன், மாமியார் வீட்டுச் சீரா, திருப்பிக் கேக்குற?"

அவர் சிரிக்கவில்லை. "அது அடையாளம்க்கா. முந்தாநாள் அந்த வரிசைக்கு மருந்தடிச்சிட்டு நான்தான் கட்டினேன்."

மருந்து பட்ட புல் நாலைந்து நாள் பச்சையாகத்தான் நிற்கும். அது மாதவிக்குத் தெரியும். முன்பு மருந்தடித்தவர்கள் வாயால் சொல்லிவிட்டுப் போவார்கள். பை கட்டுவது அவளுக்குப் புதுசு.

மிச்சப் புல்லை மூணு பேரும் வாரி எறிந்தோம். மாதவி மாட்டு டாக்டருக்குப் போன் போட்டாள். ரோட்டில் வெள்ளம், வர நேரமாகும் என்றார். "வாயைக் கழுவுங்க, நல்ல தண்ணி வைங்க. அசை போட்டா பயமில்ல, போடுதான்னு பாருங்க."

மாட்டு வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம். மத்தியானத்துக்குள் நாலு மாடு அசை போட்டன. செவலை மட்டும் தலையைத் தொங்கப்போட்டு நின்றது. எச்சில் நூலாக இறங்கியது.

"சினை மாடுன்னு அதுக்குத்தான் கூட அள்ளிப் போட்டேன் அக்கா," என்றாள் மாதவி.

ஜாபர் அலி வேலைக்குப் போகவில்லை. "வேலை வாங்குற மண்டோர் ஏசுவான் லா, போ தம்பி" என்றேன். "ஏசட்டும்" என்று குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார்.

நாலு மணிக்குச் செவலை படுத்தது. மாதவி என் கையை இறுக்கிய இறுக்கில் வளையல் அழுந்தியது. பெரியம்மா வீட்டு மாடு இப்படிப் படுத்துத்தான் எழும்பாமல் போனது.

கொஞ்ச நேரம் கழித்துச் செவலையின் தொண்டையில் ஓர் உருண்டை ஏறியது. தாடை மெல்ல அசைந்தது.

"சனியனே, உயிரை வாங்கிட்டியே!" அடிக்க ஓங்கினவள் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள். "கன்னு அசையுதா பாரு அக்கா. எனக்குப் பயமா இருக்கு."

விலாவுக்குக் கீழே கை வைத்தேன். என்னமோ உதைத்தது. செவலையின் மூச்சோ என்று கையை எடுத்து, மறுபடி வைத்தேன். உதைத்தது.