மிளகாய் மில்லுக்குள் மீட்டர்

கூடலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற அரவை மில்லின் சொந்தக்காரி ராமுத்தாய். புருஷன் செத்த மறுமாதம், மில்லை விற்றுவிடச் சொல்லி வந்த கொழுந்தன்மாரை, ஆளுக்கு அரைக்கிலோ மல்லித்தூள் கொடுத்து அனுப்பிவைத்தவள். அதைச் சீர் என்று நினைத்து வாங்கிப்போனவர்கள் இன்னும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த மில்லுக்குள் யாரும் சும்மா நுழைந்துவிட முடியாது. மிளகாய் அரைபடும்போது வாசலில் நின்றாலே மூக்கு கழன்று கையில் வந்துவிடும். கரண்ட் கணக்கெடுக்க வரும் சின்னக்கருப்புக்கோ ஏற்கெனவே இளைப்பு. மீட்டர் இருந்தது மிஷினுக்குத் தலைமாட்டில். அவர் ரோட்டுக்கு அந்தப் பக்கமே நின்று கையைக் காட்டுவார். இவளும் கையைக் காட்டுவாள். பழைய எண்ணோடு ஒரு குத்துமதிப்பைக் கூட்டி எழுதிவிட்டு அவர் போய்விடுவார். ஏதோ கருவி வைத்து அங்கிருந்தே பார்க்கிறார் என்று ராமுத்தாய்க்கு நினைப்பு. ஐந்து வருஷமாக இப்படித்தான் நடந்தது. இதில் களவு கிடையாது, தும்மல்தான் உண்டு.

போன ஐப்பசியில் புது ஆள் ஒருத்தர் வந்தார். கொரோனா மாஸ்க்கை அதுவரை கழற்றாத புண்ணியவான். நேரே உள்ளே போய் மீட்டரைப் பார்த்துவிட்டார். ஐந்து வருஷ வித்தியாசமும் ஒரே பில்லாக வந்து விழுந்தது. லட்சத்துக்கு மேல்.

ராமுத்தாய் கரண்ட் ஆபீசுக்கு ஓடினாள்.

"ஏழு நாள்ல கட்டலைன்னா லைன் கட்" என்றார் ஆபீசர். "மூட்டையை அடுக்கி மீட்டரை மறைச்சு வச்சிருக்கீங்க. எங்க ஆளு எப்படிம்மா பார்ப்பாரு?"

"மில்லுல மூட்டையை அடுக்காம மல்லியப்பூவையா சார் அடுக்குவாக?"

வாய் பேசிவிட்டது, மனசு கணக்குப் போட்டது. கார்த்திகை பிறந்தால் சபரிமலைக்குப் போகிற சாமிமார் வருவார்கள். குமுளி ரோட்டு ஓட்டல்களுக்கெல்லாம் மசாலாப் பொடி இங்கிருந்துதான். வருஷச் சம்பாத்தியத்தில் பாதி அந்த இரண்டு மாதத்தில் வருவது. அந்த நேரம் பார்த்து லைனைப் பிடுங்கினால் மில் அதோடு சரி.

பில்லை நகலெடுக்கப் பக்கத்து ஜெராக்ஸ் கடை ஜெபஷீலாவிடம் போய் அழுதாள்.

"அக்கா, அங்கிட்டுத் திரும்பி அழுங்க, பேப்பர் நனையுது" என்ற ஜெபஷீலா, போனில் எதையோ தேடினாள். "ரெண்டு வருஷத்துக்கு முந்தின பாக்கியைச் சொல்லி லைனைப் புடுங்கக் கூடாதாம்க்கா. நோட்டீசே பதினஞ்சு நாளுக்குக் குடுக்கணுமாம்."

"யாரு சொன்னா?"

"சட்டம்."

"அவுகளுக்கு எந்த ஊரு?"

"தேனியில மின் குறைதீர் மன்றம்னு ஒண்ணு இருக்கு. அங்கன போய்க் கேளுங்க."

மனு கொடுத்ததும், விசாரணை முடிகிறவரை லைனைத் தொடக் கூடாது என்று மன்றம் சொல்லிவிட்டது. விசாரணையில் ஆபீசர் அடித்துப் பேசினார்: "எங்க ஆளு ஒவ்வொரு தடவையும் உள்ள போய்ப் பார்த்துத்தான் சார் எழுதினாரு."

"மறைச்சிருந்ததா, பார்த்தாரா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க" என்றார் மன்றத் தலைவர். ஆபீசர் ஃபைலைப் புரட்ட, தலைவரே முடித்தார்: "சரி, நேர்லயே பார்த்துருவோம்."

செவ்வாய்க்கிழமை காலையில் மன்றத்தாரும் ஆபீசரும் சின்னக்கருப்பைக் கூட்டிக்கொண்டு மில்லுக்கு வந்தார்கள். ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகிற பெண்கள் ஜீப்புக்காக எதிரே நின்றிருந்தார்கள்.

"மில்லை நிப்பாட்டவா சார்?" என்று பணிவாகக் கேட்டாள் ராமுத்தாய்.

"வேணாம்மா. எப்பவும் போல ஓடட்டும்."

பெரியவர்கள் சொல்லைத் தட்டலாமா? குமுளி ஓட்டல்காரர் கொடுத்துவிட்டிருந்த மிளகாய் மூட்டையைத்தான் அப்போது கொட்டியிருந்தாள். சுவிட்சைப் போட்டாள். "இந்தா, இப்படித்தான் சார் உள்ள..." என்று முன்னால் போன ஆபீசர் முதல் மூட்டையைக்கூடத் தாண்டவில்லை. தும்மினார், சுழன்றார், மறுபடி தும்மினார். பின்னாலேயே தலைவரும் மற்றவர்களும் கண்ணைப் பொத்திக்கொண்டு தெருவுக்கு ஓடிவந்தார்கள்.

"அடியே, ஆபீசருக்குச் சாமி வந்துருச்சு! யாராச்சும் துன்னூறு பூசுங்கடி!" என்று ஜீப் பெண்கள் கெக்கலித்தார்கள்.

வழக்கம்போல எதிர்ப்புறமே வாயில் துண்டோடு சின்னக்கருப்பு நின்றிருந்தார். தலைவர் கண்ணைத் துடைத்தபடி அவரிடம் கேட்டார்: "நீங்க உள்ள போயிருக்கீங்களா?"

"ஒரு நாளும் போனதில்லைங்கய்யா."

தீர்ப்பு வந்தது. குற்றம் கணக்கெடுத்தவர்கள் பக்கம். கடைசி இரண்டு வருஷத்துக்கு உள்ளதை மட்டும், வட்டி அபராதம் இல்லாமல், தவணையாகக் கட்டினால் போதும். லைனில் கை வைக்கக் கூடாது.

"ஓடுன கரண்டுக்குக் கட்டமாட்டேன்னு நான் எப்ப சார் சொன்னேன்?" என்றாள் ராமுத்தாய். அப்புறம்தான் சின்னக்கருப்பின் மேல் நடவடிக்கை எடுக்கப்போவதாக ஆபீசர் முணுமுணுத்தது காதில் விழுந்தது.

"அவரை ஒண்ணும் செஞ்சிராதீக. இளைப்புக்காரர், பிள்ளைகுட்டி வச்சிருக்கார்" என்றவள் தலைவரிடம் திரும்பினாள். " மீட்டரைத் தூக்கி வெளிச்சுவத்துல மாட்டச் சொல்லுங்க சார். செலவு கரண்ட் ஆபீசோடது."

தலைவர் சிரித்துவிட்டு அதையும் தீர்ப்பில் சேர்க்கச் சொன்னார்.

கார்த்திகை பிறந்தது. மில் ஓடிய ஓட்டத்தில் தெரு முழுக்க மசாலா வாசம். ஒரு நாள் ஆபீசர் வீட்டு மிளகாய்ப் பையோடு டிரைவர் வந்து, "நம்ம சார் வீட்டுது. அவசரமாம்" என்றான்.

ராமுத்தாய் மிஷினிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வரிசையில வையிப்பா."