வெற்றிலைத் தட்டில் வந்த பாஸ்வேர்டு

போன மாதம் எங்கள் வீட்டுக்கு ஒரு பாஸ்வேர்டு வந்தது. சும்மா வரவில்லை. தாம்பாளத்தில் வந்தது. வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், நடுவே மடித்து வைத்த ஒரு துண்டுக் காகிதம்.

கொண்டுவந்தவர் மெய்யப்பண்ணன். எனக்குப் பங்காளி. ஆலங்குடியில் தேங்காய் மண்டி வைத்திருக்கிறார். "ராகு காலம் முடியட்டும் தம்பி, அப்பறம் கையில வாங்கு" என்று தட்டை மடியில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தார். சர்வர் பாஸ்வேர்டுக்கு ராகு காலமா என்று கேட்கிறீர்களா? நானும் கேட்டேன் — மனசுக்குள்.

விஷயம் இதுதான். திருமயம் பக்கம் எங்கள் பூர்வீக ஊர். வருஷத்துக்கு ஒருமுறை அங்கே பொது வீட்டில் முன்னோருக்குப் படைப்பு நடக்கும். பங்காளிகள் மட்டும் கூடிச் சமைத்து, படைத்து, கும்பிடுகிற காரியம். வெளியாட்கள் பார்க்கக்கூடாது. ஆனால் பங்காளிகளில் பாதிப் பேர் இப்போது வெளியூர், வெளிநாடு. அவர்கள் எப்படிப் பார்ப்பது? ஊர் உலகமே பார்க்கிற இடத்தில் வீடியோவை ஏற்ற முடியுமா?

அதனால் எங்களுக்கென்று தனியாக ஒரு வெப்சைட். அதற்கு ஒரு விபிஎஸ். எங்கோ ஒரு கம்பெனி பெரிய கம்ப்யூட்டர் ஒன்றைத் தடுத்துத் தடுத்து ஆளுக்கொரு பாகமாக வாடகைக்கு விடுகிறது. அதில் ஒரு பாகம் நமக்கு. பூட்டும் நமது, சாவியும் நமது. ஒட்டடை அடிப்பதும் நாமேதான். ஒரே கூரை, ஆளுக்கொரு அறை... எங்கள் ஆட்களுக்கு இதை விளக்கவே வேண்டியிருக்கவில்லை. பொது வீட்டில் காலங்காலமாக இருப்பதே அப்படித்தானே?

விளக்காமல் விட்டதுதான் தப்பு. பொது வீட்டுச் சட்டம் மொத்தத்தையும் சர்வருக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். வருஷத்துக்கு ஒரு குடும்பம் முறை போட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். அந்த வருஷம் அவர்தான் காரியக்காரர். கம்ப்யூட்டர் தெரிந்தவரா, தேங்காய் தெரிந்தவரா என்ற கேள்வியெல்லாம் கிடையாது.

"ஒண்ணையும் அழிக்கல தம்பி. வாங்குனது வாங்குனபடியே ஒப்படைக்கிறேன்" என்றார் மெய்யப்பண்ணன், பெருமையாக. இந்த வருஷம் என் முறை. நானும் பெருமையாக வாங்கிக்கொண்டேன்.

ஒரு வாரத்தில் கம்பெனியிலிருந்து மெயில். டிஸ்க் நிரம்பப் போகிறதாம். அடுத்த வெள்ளிக்கிழமை படைப்பு. இடம் இல்லாவிட்டால் நேரலை ஓடாது.

இதில் எனக்கு மானப் பிரச்சினை மட்டும் என்றால் போகட்டும் என்று விட்டிருப்பேன். சாத்தப்பண்ணன் கோயம்புத்தூரில் இருக்கிறார். எங்களில் மூத்தவர். இதயத்தில் ஆபரேஷன் முடிந்து வீட்டோடு கிடக்கிறார். பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் இல்லாமல் நடக்கப்போகிற முதல் படைப்பு இது. "நேர்ல வர முடியாட்டி என்னப்பா, ஒன் புண்ணியத்துல படத்துல பாத்துக்கிறேன்" என்று போனில் சொன்னவர், சட்டென்று வைத்துவிட்டார்.

உள்ளே போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு காரியக்காரரும் ஒப்படைக்கும் முன்னால், பத்திரமாக இருக்கட்டும் என்று மொத்தத்தையும் ஒரு நகல் எடுத்திருக்கிறார்கள். நல்ல பழக்கம்தான். எங்கே வைத்தார்கள்? அதே சர்வரில்! அடுத்தவர் அந்த நகலையும் சேர்த்து நகல் எடுத்திருக்கிறார். அதற்கடுத்தவர் அதையும் சேர்த்து...

வாட்ஸ்அப் குழுவில் பணிவாகக் கேட்டேன் — பழைய நகல்களை அழிக்கலாமா? வந்ததே பதில்! "பொது வீட்டுல ஒரு ஓட்டைச் சொம்பைக்கூட எல்லாரையும் கேக்காம வெளிய போட மாட்டோம், தெரியும்ல?" சரி, கூடுதல் இடம் வாங்கலாமா? அது பொதுச் செலவு, கூட்டம் போட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். கூட்டம் எப்போது? படைப்பு முடிந்த அன்று மத்தியானம்.

மீதி இருந்தது இரண்டு பெரிய வீடியோக்கள். ஒன்று சாத்தப்பண்ணனின் அறுபதாம் கல்யாணம். இன்னொன்று அவர் கூடப்பிறந்த தம்பி, சென்னையில் இருக்கிற நாச்சியப்பண்ணனின் அறுபதாம் கல்யாணம். காலையில் நாதஸ்வரக்காரர் வந்து இறங்கியது முதல் சாயங்காலம் பந்தல் பிரித்தது வரை இரண்டிலும் இருந்தது. ஏதாவது ஒன்றை எடுத்தால் போதும்.

அதில்தான் சிக்கல். அண்ணனும் தம்பியும் ஆறு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. சொத்துத் தகராறா? இல்லை. பொது வீட்டுக்கு வாங்கிய தண்ணீர் மோட்டாரைக் கொல்லையில் எந்தப் பக்கம் வைப்பது என்பதில் தகராறு. தம்பி கிழக்கே என்றார், அண்ணன் மேற்கே என்றார். மோட்டார் சாக்கிலேயே இருக்கிறது.

அண்ணனைக் கேட்டேன். "அவன் மொதல்ல எடுக்கட்டும்." தம்பியைக் கேட்டேன். "அவுக மொதல்ல எடுக்கட்டும்." நல்ல பதில். இரண்டு வார்த்தைகூட வித்தியாசமில்லை.

செவ்வாய்க்கிழமை ஒரு காரியம் செய்தேன். யாரிடமும் சொல்லாமல் சாத்தப்பண்ணனின் வீடியோவை என் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு மாற்றினேன். அழிக்கவில்லை — நகர்த்தினேன். என் மனைவி உமையாள் காபி கொண்டுவந்து வைத்தாள். அது ஆறுவதற்குள் போன். நாச்சியப்பண்ணன்!

"என்ன தம்பி, சர்வர் படுத்துருச்சா?"

"இல்லையேண்ணே, நல்லாத்தான் ஓடுது."

"ஒரு வீடியோ மட்டும் காணோமே..."

"உங்களுதா? இருக்கே."

"என்னுது இருக்கு. இது... அந்தப் பெரியவுக வீடியோ. சும்மா பாத்தேன்."

சும்மாவா? அவரே சொன்னார். "அதுல நான் அவுக தலையில கலசத் தண்ணி ஊத்துற எடம் ஒண்ணு வரும் தம்பி. கண்ண மூடிக்கிட்டுச் சிரிப்பாக. ஆபரேஷன்னு கேள்விப்பட்டதுலேர்ந்து தெனம் அதைத்தான் பாக்குறேன். என்னுதைத் தூக்கிரு. அவுகளுதை வையி."

அப்பாடா, முடிந்தது என்று சாத்தப்பண்ணனுக்குப் போன் போட்டேன். தம்பி தன்னுடைய வீடியோவை எடுக்கச் சொல்லிவிட்டார் என்றேன். சந்தோஷப்படுவார் என்று பார்த்தால்...

"அவனுதைத் தொடாதப்பா! அவன் அறுவதுக்கு நான் வீம்புக்குப் போகல. அந்த வீடியோலதான அவனை மாலையும் கழுத்துமாப் பாத்தேன்! அதையும் அழிச்சுட்டா நான் எதுல பாப்பேன்? என்னுதை எடு."

பார்த்தீர்களா? நேற்றுவரை இருவரும் அடுத்தவர் வீடியோவை எடுக்கச் சொன்னார்கள். இன்று இருவரும் அடுத்தவர் வீடியோவை எடுக்கக்கூடாது என்கிறார்கள். எப்படிப் பார்த்தாலும் என் டிஸ்க்கில் இடமில்லை!

உமையாள்தான் வழி சொன்னாள். "அந்த நகலோட நகலை எல்லாம் எடுத்துட்டா யாருக்குத் தெரியப்போகுது? உள்ள போய்ப் பாக்கத் தெரிஞ்ச ஆளா ஒங்க ஆளுக?" அன்றைக்கே எடுத்துவிட்டேன். நடப்பு நகல் ஒன்று மட்டும் என் வீட்டில் பத்திரமாக இருக்கிறது. சாத்தப்பண்ணனின் வீடியோவைத் திரும்ப அதன் இடத்தில் வைத்தேன். சர்வர் மூச்சுவிட்டது. பங்காளிகள் யாரும் பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியைப் படிப்பதில்லை என்ற தைரியத்தில் இதை எழுதுகிறேன். படித்திருந்தால் இத்தனை வருஷத்தில் ஒருவராவது நல்லா இருக்கு என்று சொல்லியிருக்க மாட்டாரா?

வெள்ளிக்கிழமை. படைப்பு. சென்னையிலிருந்து வந்த நாச்சியப்பண்ணன், கேமராவை நான்தான் வைப்பேன் என்று பிடிவாதமாக வாங்கி வைத்தார். பிறகு என்னிடம் மெதுவாக, "அண்ணனுக்குத் தெரியுதான்னு கேளு தம்பி" என்றார்.

சாத்தப்பண்ணனுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, போனை நாச்சியப்பண்ணன் கையிலேயே கொடுத்தேன். "நீங்களே கேளுங்கண்ணே."

"தெரியுதாண்ணே?"

ஸ்பீக்கரில் அண்ணன் குரல் வந்தது. "தெரியுதுப்பா. செத்த அங்கிட்டுத் திருப்பு. தூணு மறைக்கிது."

திருப்பினார். துண்டால் கேமராவைத் துடைப்பது போல முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நேரலை கடைசிவரை நிற்காமல் ஓடியது. இலை போடும் நேரம் சாத்தப்பண்ணனே மறுபடி கூப்பிட்டார். தம்பியிடம் போனைக் கொடுக்கச் சொன்னார். "ஏம்ப்பா, அந்த மோட்டாரை நீ சொன்ன கெழக்குப் பக்கமே வச்சுரு."

"அதெல்லாம் வேணாம்ணே. நீங்க சொன்ன மேக்கயே இருக்கட்டும்."

"ஒன் இஷ்டப்படி வையின்னா கேளேன்!"

"ஒங்க பேச்சை மீறி நான் வைக்க மாட்டேண்ணே!"

மோட்டார் இன்னும் சாக்கில்தான் இருக்கிறது.