நான் வெட்டிய சுபம்

படம் முடிந்ததும் 'சுபம்' என்று போட்டு, அதன் பின்னால் கம்பெனியின் முத்திரையைக் காட்டுவார்கள். ஒரு கம்பெனிக்கு மயில், ஒன்றுக்குக் கலசம், இன்னொன்றுக்குச் சங்கு வைத்திருக்கும் பெண். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் நான் டூரிங் கொட்டகையில் படம் ஓட்டும் ஆபரேட்டர். கொட்டகை சில மாதம் பெரம்பலூரில் நிற்கும், சில மாதம் அரியலூரில். எனக்குப் படத்தைவிட அந்த முத்திரைகள் மேல்தான் பைத்தியம். வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொன்னதில்லை.

படத்துக்கு இரண்டு துண்டு என்று பிலிமில் வெட்டி, பிஸ்கோத்து டப்பாவில் சேர்த்தேன். சங்குக்காரி முதல் படத்தில் அசையாமல் நின்றாள். அடுத்த படத்தில் திரும்பிப் பார்த்தாள். அதற்கடுத்ததில் ஊதவே தொடங்கிவிட்டாள். யார் எப்போது என்ன மாற்றினார்கள் என்பதெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். யுத்தத்தால் பிலிமுக்கே தட்டுப்பாடு. ஊர் ஊராக ஓடித் தேய்ந்து வரும் படத்தில் வால் கொஞ்சம் குறைந்தால் கேட்பாரில்லை. ஆசை முற்றி, ஒருநாள் படப்பெட்டி வந்து இறங்கியதும், ஆட்டத்துக்கு முன்பே சங்குக்காரியையும் அவளுக்கு முன்னால் வரும் சுபத்தையும் மொத்தமாகக் கத்தரித்துவிட்டேன். முழுசாக வேண்டும் போலிருந்தது. திருடனுக்கு வேறு காரணம் எதற்கு?

எங்கள் பக்கத்து ஜனங்கள் சுபம் விழாமல் எழுந்திருக்க மாட்டார்கள். எழுத்துத் தெரியாத பெண்களுக்கும் அந்த மூன்றெழுத்து தெரியும். பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டுதான் மண்ணைத் தட்டி எழுவார்கள்.

நான் வெட்டிய அன்றைக்கே, முதல் ஆட்டத்துக்கு ஒரு குடும்பம் வந்திருந்தது. கொட்டகை அப்போது அரியலூரில். பெண் அந்த ஊர், மாப்பிள்ளை திருமானூர்ப் பக்கம். காலையில் நிச்சயம் செய்து தட்டு மாற்றிய கையோடு, இரண்டு வீட்டாரும் ஒன்றாகப் படம் பார்க்க உட்கார்ந்திருந்தார்கள். கடைசிக் காட்சியில் கதாநாயகன் தாலியைக் கையில் எடுத்தான். உடனே திரை வெள்ளையாகிவிட்டது.

விளக்கைப் போட்ட பிறகும் அவர்கள் எழவில்லை. மாப்பிள்ளையின் அத்தை எல்லார் காதிலும் விழச் சொன்னாள்:

"நல்ல காரியம் பேசிட்டு வந்து ஒக்காந்தோம். சுபம் வுழலையே."

மறுநாள் காலையில் பெண்ணின் அப்பா கொட்டகைக்கு வந்தார். என்னைவிட இருபது வயதாவது மூத்தவர், நின்றுகொண்டே பேசினார். மாப்பிள்ளை வீட்டார் சகுனம் சரியில்லை என்கிறார்களாம். ஆபரேட்டர் கைத்தவறு என்றால் பாதகமில்லை, படமே அப்படி என்றால் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். மத்தியான பஸ்ஸுக்குக் கிளம்பப்போகிறார்கள்.

"கைத்தவறுன்னு ஒரு வார்த்தை வந்து சொல்லிப்புடுங்க தம்பி. வூட்டுல புள்ள சாப்புடாம கெடக்கு."

பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை. என் கைதான் செய்தது. ஆனால் முதலாளி காதுக்குப் போனால் வேலை போகும், டப்பாவைத் திறந்து பார்ப்பார்கள் என்று பயம் வந்துவிட்டது. அந்த மனிதர் எதைக் கேட்கக் கூடாது என்று வந்தாரோ, அதையே கூசாமல் சொன்னேன்.

"கம்பெனிக்காரன் அனுப்புன படத்துலயே சுபம் இல்லைங்க."

நான் சொன்னதை அவர் அப்படியே போய்ச் சொல்லியிருக்கிறார். ஆபரேட்டரே சொன்ன பிறகு அப்பீல் ஏது? மத்தியான பஸ்ஸிலேயே மாப்பிள்ளை வீட்டார் போய்விட்டார்கள், சம்பந்தம் முறிந்தது என்று சாயங்காலம் கொட்டகையில் பேசிக்கொண்டார்கள். அந்தப் பெண்ணின் முகத்தை நான் பார்த்ததுகூட இல்லை.

ஆனால் இத்தனை வருஷம் கழித்தும் என்னைக் கூசவைப்பது, அவர் கிளம்பும்போது நடந்தது. படியிறங்கப் போனவர் திரும்பி வந்து என்னைப் பார்த்துக் கைகூப்பினார்.

"ஒங்க மேல தப்பு இருக்கும்னு நெனச்சு வந்துட்டேன். மனசுல வச்சுக்காதீங்க தம்பி."

பரவாயில்லைங்க என்று சொல்லி, நான் அவரை மன்னித்து அனுப்பினேன்.