‘ஸ்ட்ரிக்ட்லி’யும் இரண்டு வாய்ப் பொங்கலும்

மூன்று வாரமாக இந்தப் பக்கத்தில் ஆளைக் காணோமே என்று சிலர் கடிதம் எழுதியிருந்தீர்கள். வாசுதேவநல்லூரில் என் தங்கை கோமதியின் புருஷன் காலமாகிவிட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, முந்தாநாள்தான் இந்த யுத்த காலத்துக் கரி பஸ்ஸில் தென்காசிக்குத் திரும்பினேன்.

வேறு எதையாவது எழுதலாம் என்று உட்கார்ந்தேன். பேனா ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தையைச் சுற்றிச் சுற்றி வருகிறது... ஸ்ட்ரிக்ட்லி.

நம்மவர்களுக்கு அந்த வார்த்தை இல்லாத உத்தரவு உத்தரவே இல்லை. குற்றாலத்தில் வெள்ளம், குளிக்கக் கூடாது என்று பலகை வைத்தால், தலையில் எண்ணெயோடு நின்று அதைப் படிக்கிறோம். ‘ஸ்ட்ரிக்ட்லி’ சேர்த்தால்தான் கொஞ்சம் யோசிக்கிறோம். என்ன யோசிக்கிறோம்? இது மற்றவர்களுக்கு, நமக்கில்லை என்று!

மாப்பிள்ளைக்கு டைபாய்டு. தென்காசி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். இருபத்திரண்டு நாள் காய்ந்து, காய்ச்சல் இறங்கி, பசி எடுக்க ஆரம்பித்தது. ஆபத்தே இனிமேல்தான் என்றார் டாக்டர். குடலில் ரணம் ஆறவில்லை. கெட்டியாக எது போனாலும் பொத்துவிடும். டைபாய்டுக்கு மருந்து ஏது? பத்தியம்தான் மருந்து. “டயட் ஸ்ட்ரிக்ட்லி லிக்விட்” என்றார்.

இங்கிலீஷ் வாத்தியார் நான் பக்கத்தில் இருக்க, கோமதிக்கு அர்த்தம் சொல்ல வேறு ஆள் எதற்கு?

“ஏட்டி, பாலும் கஞ்சித் தண்ணியுந்தான். ஒரு பருக்கை உள்ள போகக் கூடாது, பாத்துக்கோ.”

பார்த்துக்கொண்டாள். கஞ்சியைத் துணியில் இரண்டு தடவை வடிகட்டினாள். ஆலங்குளத்திலிருந்து இட்லியோடு வந்த மாமியாரை வார்டு வாசலிலேயே மறித்தாள். “பாதி இட்லி குடேன் கோமதி” என்று மாப்பிள்ளை கெஞ்சினார்.

“இன்னும் பத்து நாளு பொறுத்துக்கிடுங்க. ஆக்கிப் போடத்தான நான் இருக்கேன்” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.

அந்த வெள்ளிக்கிழமை நான் குற்றாலம் கோயிலுக்குப் போய், மாப்பிள்ளை பேருக்கு அர்ச்சனை செய்தேன். இலையில் கொடுத்த சர்க்கரைப் பொங்கலைக் கொண்டுவந்து கோமதியிடம் நீட்டினேன். அவள் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அவர் நெற்றியில் திருநீறு பூசி, ஒரு வாய் ஊட்டினாள். இன்னொரு வாய். நான் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி நின்றேன். நான்தான்... அர்த்தம் சொன்னவன்!

மறுநாள் காலையில் வயிற்றுவலி. மத்தியானத்துக்குள் வயிறு பலகையாக இறுகிவிட்டது.

“என்ன குடுத்தீங்க? மறைக்காமச் சொல்லுங்க” என்றார் டாக்டர்.

“சாமி சத்தியமா ஒண்ணுங் குடுக்கல” என்றாள் கோமதி.

என்னைப் பார்த்தார். ஒன்றுமில்லை என்றேன் நானும். பொய் சொல்லவில்லை வாசகரே — அந்த நிமிஷம் வரை எங்கள் இருவருக்கும் அது சாப்பாடே இல்லை. அவர் மறுபடியும் கேட்டபோதுதான் எனக்கு அந்தப் பொங்கல் உறைத்தது. சொன்னேன்.

“அது பிரசாதம்லாண்ணே! அதைப் போயி டாக்டர்ட்ட எதுக்குச் சொல்லுதிய?” என்றாள் அவள், ஒன்றும் புரியாமல்.

டாக்டர் என்னைத் தனியே வெளியே அழைத்துப் போனார். திட்டியிருந்தால் தேவலை. தோளைத் தொட்டு, “இனிமே செய்யறதுக்கு ஒண்ணுமில்லை” என்றார். மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமை போய்விட்டார்.

எவ்வளவு கண்டிப்பான உத்தரவிலும் நாம் ஒரு சின்னக் கதவைத் திறந்து வைத்திருக்கிறோம். கெட்ட எண்ணத்தில் அல்ல. நாம் கும்பிடுவது அந்த வழியாக வருவதால், அதை யார் என்று கேட்கவே நமக்குத் தோன்றுவதில்லை. எனக்குத் தோன்றவில்லை. அந்த வேதனை என்னை விடாது.

நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது கோமதி கதவோரம் வந்து நின்றாள்.

“கடைசியா சாமி பிரசாதமாவது அவுக வாயில போச்சேண்ணே. அந்த ஒரு நெனப்புலதான் இருக்கேன்.”

“ஆமாம்மா” என்றேன்.

கோமதிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வாசுதேவநல்லூர்ப் பக்கத்து வாசகர்களே, தயவுசெய்து இதை அவளுக்குப் படித்துக் காட்டிவிடாதீர்கள்.