சம்பானில் வந்தது என்ன பாம்பு?

அன்று அந்தச் சம்பான் படகில் இருந்தவர்கள்: நான், என் மனைவி, அவள் மடியில் எங்கள் கைக்குழந்தை, மாட்டுக்கு வைக்கோல் ஏற்றி வந்த தமிழ்ப் பால்காரர், துடுப்புப் போட்ட பர்மாக்காரர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறாம் வருஷம், மழை விட்டிருந்த ஒரு காலை. எதிர்க்கரையிலிருந்து ரங்கூன் கெமண்டைன் படித்துறைக்கு வந்துகொண்டிருந்தோம்.

எனக்கு ஆறு என்றாலே பயம். நீச்சல் தெரியாது. படகு கொஞ்சம் சாய்ந்தாலும் எழுந்து நிற்கப் பார்ப்பேன். எழுந்தால்தான் கவிழும் என்று எத்தனை பேர் சொன்னாலும் அந்த நேரத்தில் மண்டையில் ஏறாது.

நடு ஆற்றில், வைக்கோல் கட்டிலிருந்து ஒரு பாம்பு வழிந்து இறங்கியது. பழுப்பு உடம்பு, முதுகில் வட்ட வட்டமாகக் கறுப்பு. துடுப்புக்காரர் கை அப்படியே நின்றுவிட்டது. "ம்வே-ப்வே!" என்றார். பர்மாவில் கண்ணாடி விரியனை அப்படித்தான் சொல்வார்கள். கடித்தால் பிழைப்பது அபூர்வம்.

"போய்யா, விரியனாவது ஒண்ணாவது! மலைப்பாம்புக் குட்டி. என் வைக்கோல்ல விரியன் எப்படி வரும்?" என்றார் பால்காரர். சொல்லிக்கொண்டே கட்டின் உச்சிக்கு ஏறிவிட்டார். சம்பான் ஆடியது.

யாரை நம்புவது? சீறல் கேட்டது போலவும் இருந்தது, என் மூச்சுதானோ என்றும் இருந்தது. அதற்குள் பாம்பு என் மனைவியின் காலருகே போய்விட்டது. நான் குடையை ஓங்கிக்கொண்டு பாதி எழுந்துவிட்டேன்.

"தண்ணிப் பாம்புங்க அது. ஒண்ணும் பண்ணாது. பேசாம உக்காருங்க" என்றாள், குழந்தையைத் தட்டிக்கொடுத்தபடியே.

கண்மாய்க்கரையில் வளர்ந்தவள், பாம்பு பார்த்துப் பழகியவள். அவள் சொன்னால் சரியாக இருக்கும் என்று உட்கார்ந்தேன். பாம்பு அவள் பாதத்தின்மேல் ஏறி, படகின் விளிம்பைத் தாண்டி, ஆற்றில் இறங்கிப் போய்விட்டது.

கரையேறியதும் அவள் குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பின்னால் மற்ற இருவரும், ஒருவர் தமிழிலும் ஒருவர் பர்மா பாஷையிலும், இன்னும் விரியனா மலைப்பாம்பா என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

"தண்ணிப் பாம்புதானே? நல்லாப் பாத்தியா?" என்று கேட்டேன்.

"பாம்ப எங்க பாத்தேன்? நீங்க எந்திரிக்கிறதத்தான் பாத்தேன்."

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். படித்தவர்கள் சிலரிடம் அடையாளம் சொல்லிக் கேட்டேன். ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். அது என்ன பாம்பு என்பது எனக்கு இன்றும் குழப்பம்தான், ஆனால் எதற்காவது பதறி எழப்போகும்போதெல்லாம் முதலில் அவள் முகத்தைப் பார்த்துக்கொள்கிறேன்.