லீவர் நகரவில்லை

இந்த வாரம் சிரிக்க வைக்க என்னிடம் எதுவும் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். படித்துவிட்டுத் திட்டுவதானால் தாராளமாகத் திட்டுங்கள்.

என் மனைவியின் தம்பி குமரேசன் தர்மபுரியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறான். சரக்கெடுக்க சேலம் போய்வரும்போதெல்லாம் தொப்பூர் கணவாயில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து, கிளட்ச் மிதித்தே இடது முழங்கால் போய்விட்டது என்பான். "இனிமே ஆட்டோமேட்டிக்தான் மாமா. காலுக்கு வேலையே இல்லீங்க!" என்று பெங்களூர் போய் ஒரு பழைய கார் வாங்கினான். நானும் கூடப் போனேன்.

இப்போதெல்லாம் பழைய காருக்கும் திறப்பு விழா உண்டு, தெரியுமோ? பளபளவென்று துணி போர்த்தி, கேக் வெட்டி, அட்டையில் செய்த பெரிய சாவியைக் கையில் கொடுத்து போட்டோ எடுக்கிறார்கள். எல்லாம் முடிந்த பிறகு விற்பனைப் பையன், "டவுட் ஏதாவது இருக்கா சார்?" என்றான். குமரேசனுக்கு இருந்த ஒரே டவுட் — போனிலிருந்து பாட்டு எப்படிப் போடுவது! எனக்கு அதுகூட இல்லை. கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அந்தக் காரில்தான் ஞாயிறு காலை சித்தேரி மலைக்குக் கிளம்பினோம். நாங்கள் இருவர் மட்டும்.

சும்மா சொல்லக் கூடாது... அந்தக் கியர் ஓர் அதிசயம்தான். ஆட்டோமேட்டிக் என்பது நேற்று வந்ததல்ல. அந்தக் காலத்து வண்டிகளில் எண்ணெய் அழுத்தமும் ஸ்பிரிங்கும் வால்வும் சேர்ந்து கியரை மாற்றின. மாற்றும்போது ஒரு உதறு உதறும். இன்றைக்கும் எண்ணெய் இருக்கிறது, வால்வு இருக்கிறது. ஆனால் எதை எப்போது திறப்பது என்று முடிவெடுப்பது ஒரு சின்ன கம்ப்யூட்டர். வேகம் என்ன, ஆக்ஸிலேட்டரை எவ்வளவு மிதிக்கிறோம், ஏற்றமா, சமதரையா — சென்சார்கள் சொல்லச் சொல்ல அது கணக்குப் போட்டு மாற்றுகிறது. கொண்டை ஊசி வளைவுகளில் கார் தானாகக் கியரை இறக்கி, நோகாமல் ஏறியது. நமக்கு என்ன வேலை? உட்கார்ந்திருந்தால் போதும்!

பாதி மலையில் ஒரு வளைவு. பள்ளத்தாக்கு முழுசும் தெரிந்தது. "ரெண்டே நிமிஷம் மாமா, ஒரு செல்ஃபி" என்று நடுரோட்டிலேயே நிறுத்தி, கியர் லீவரைச் சக்கரத்தைப் பூட்டிவிடும் பார்க்கிங் நிலைக்குத் தள்ளினான் குமரேசன். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். ஒரு வண்டி போகிற அகலம்தான் ரோடு. இந்நேரத்தில் யார் வரப்போகிறார்கள் என்று நானும் பல்லைக் காட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

திரும்பி வந்து சாவியைப் போட்டான். என்ஜின் ஓடியது. ஏசி குளிர்ந்தது. பாட்டுப் பாடியது. லீவர் மட்டும் பார்க்கிங்கை விட்டு வரவில்லை.

இழுத்தான். அமுக்கினான். அணைத்துவிட்டு மறுபடி போட்டான். ம்ஹூம்!

காரணம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பிரேக்கில் கால் இருந்தால்தான் லீவரின் பூட்டு திறக்கும். குழந்தை யாராவது லீவரை இழுத்து வண்டி உருண்டுவிடக் கூடாதே என்று வைத்த ஏற்பாடு. நல்ல எண்ணம்தான். ஆனால் அந்தக் கம்ப்யூட்டருக்கு நம் காலைத் தெரியாது. பிரேக் பெடலுக்கு மேலே ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு குட்டி ஸ்விட்ச் சொல்வதுதான் தெரியும். அந்த ஸ்விட்ச் செத்துப்போயிருந்தது. குமரேசன் ஏறி நின்று மிதித்தாலும், 'இவன் பிரேக்கே போடவில்லை' என்றுதான் அது நம்பும்.

அப்போதுதான் மேலேயிருந்து ஹாரன் கேட்டது.

ஒரு பிக்கப் வண்டி எங்களுக்கு நேர் எதிரே வந்து நின்றது. பின்னால் ஒரு பெண் படுத்திருந்தாள். தலையை மடியில் வைத்திருந்தவர் அவள் புருஷன், பழனி.

"சார், வண்டிய எடுங்க சார்! காட்டுல சாமை அறுக்கயில எம் பொஞ்சாதிய நல்லபாம்பு கடிச்சிடுச்சுங்க!"

அலமேலு என்று பெயர். கண்ணிமை பாதி இறங்கியிருந்தது. மூச்சு இழுத்து இழுத்து வந்தது.

"வரமாட்டேங்குதுங்க..." என்றான் குமரேசன்.

"நூட்ரல்ல போடுங்க, தள்ளிடறோம்!" என்று பிக்கப் டிரைவர் குதித்து வந்தார். கூட இருந்த இரண்டு பேரும் வந்தார்கள். நம் ஊரில் நின்றுபோன வண்டிக்கு வேறென்ன வைத்தியம்? பஸ்ஸையே தள்ளுகிறவர்கள்தானே நாம்!

"நூட்ரலுக்கும் வரலைங்க."

"என்னா சார் சொல்றீங்க? என்ஜின் ஓடுதே!"

தள்ளினோம். முன்சக்கரங்கள் இரண்டும் உள்ளே பூட்டியிருந்தன. முன்பக்கத்தைத் தூக்கிப் பார்த்தோம். என்ஜின் கனம், அசையவில்லை. பெங்களூருக்குப் போன் அடித்தால் டவர் இல்லை. அலமேலுவின் வாயோரம் எச்சில் வழிந்தது. பழனி அதைத் துண்டால் துடைத்துக்கொண்டே எங்களைப் பார்த்தார். திட்டியிருக்கலாம். திட்டவில்லை.

கீழேயிருந்து ஒருவர் பைக்கில் வந்தார். விஷயத்தைச் சொன்னதும் இறங்கிச் சாவியைக் கொடுத்தார். பாறைக்கும் காருக்கும் நடுவே பைக்கைத் திருப்பி நிறுத்தினோம். பிக்கப் டிரைவர் முன்னால், அலமேலு நடுவில், பின்னால் பழனி. அவளால் உட்கார முடியவில்லை. துண்டால் டிரைவரோடு சேர்த்துக் கட்டினோம். தலை ஒரு பக்கமாகத் துவண்டது. போய்விட்டார்கள்.

நான் ரோட்டில் மேலே ஓடினேன். ஒரு திருப்பத்தில் டவர் கிடைத்தது. அதே விற்பனைப் பையன்தான் எடுத்தான்.

"அட, அவ்ளோதானா சார்? லீவர் பக்கத்துல ஒரு சின்ன மூடி இருக்கும். அதத் தூக்கிட்டு, உள்ள சாவிய வச்சு அமுக்குங்க. லீவர் வந்துரும்."

வந்தது. ஒரே அமுக்கு... கார் வெண்ணெய் மாதிரி பின்னால் உருண்டது.

குமரேசன் ஸ்டீயரிங்கில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஓட்டுகிறவன் தப்புச் செய்தாலும் பார்த்துக்கொள்ளும் அளவுக்கு வண்டியை வளர்த்துவிட்டார்கள். அது தப்புச் செய்தால் என்ன செய்வது என்று மட்டும் நாங்கள் கேட்கவில்லை. கால் வலி போனதும் மூளைக்கும் லீவு கொடுத்துவிட்டோம். கேக் தின்ற வாய்க்கு ஒரு கேள்வி கேட்கத் துப்பில்லை. கேட்டிருந்தால் அந்தப் பையன் சொல்லியிருப்பான்.

அதே காரில் இறங்கி, அதைத் தெருமுனையிலேயே விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியிலேயே மூச்சு நின்றுவிட்டதாம்.

பழனி வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். எங்களைக் கண்டதும் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக்கொண்டு எழுந்தார். குமரேசன் அவர் காலில் விழப்போனான். அவர் பிடித்து நிறுத்தி, மெதுவாகக் கேட்டார்:

"ரோட்ட விட்டு வண்டிய எடுத்துட்டீங்களா சார்? இவள மேல வூட்டுக்கு எடுத்துட்டுப் போவணும்ங்க."