கோடிச் சேலையோடு கோலாலம்பூருக்கு

என் வீட்டுக்காரர் செல்லக்கண்ணு பயந்து நான் பார்த்தது ஆயுசில் ஒரே ஒரு நாள்தான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். அறுபதடி உயரத்தில், நிமிர்ந்து நிற்கவும் இடமில்லாத கூண்டில் உட்கார்ந்து, கப்பல் சரக்கைக் கோழி முட்டை எடுப்பது போல எடுத்து வைப்பார். காற்றில் கூண்டு ஆடும்போதுதான் நிம்மதியாக வெற்றிலை போட முடிகிறது என்பார். வீட்டிலும் அப்படித்தான். பேச்சு கிடையாது, கோபம் கிடையாது, பயம் கிடையாது. மூன்றுக்கும் சேர்த்துத்தான் நான் இருக்கிறேனே!

1964-ல், சிங்கப்பூர் தேக்காவில் பஃபலோ ரோட்டு மாடி அறையில் நாங்கள் குடியிருந்தபோது, ஒரு நாள் காலையில் தந்தி வந்தது. கோலாலம்பூர் செந்தூலில் இருந்த இவருடைய தங்கச்சி சிவகாமசுந்தரியின் புருஷன் சுந்தரம் அடித்திருந்தார். சிவகாமி நிலைமை மோசம், உடனே புறப்படவும்.

தந்தியில் நம் ஆட்கள் யாரும் இறந்துவிட்டார் என்று அடிக்க மாட்டார்கள். படிக்கிறவர் நின்ற இடத்திலேயே விழுந்துவிட்டால் யார் பொறுப்பு? அதனால் நிலைமை மோசம் என்றுதான் அடிப்பார்கள். வாங்குகிறவர்களும் புரிந்துகொண்டு அழ ஆரம்பிப்பார்கள். என் மாமனார் போனபோதும் இதே தந்தி, என் சித்தப்பா போனபோதும் இதே தந்தி. இவர் இரண்டு தரம் படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"சிவகாமி போயிருச்சு, சந்திரா."

இறந்துபோன பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து புதுச் சேலை போகவேண்டும். அதைத்தான் கோடி என்பது. கூடப்பிறந்தவன் கொண்டுவந்து போர்த்தினால்தான் அவளுக்குப் பிறந்த வீடு என்று ஒன்று இருந்ததாகக் கணக்கு. ஆனால் பொழுது சாய்வதற்குள் எடுத்துவிடுவார்கள். ரயிலில் போனால் மறுநாள் காலைதான் போய்ச் சேரலாம். சாம்பலுக்கா சேலை போர்த்துவது? சிங்கப்பூர் அப்போது மலேசியாவோடு சேர்ந்திருந்த காலம், பாஸ்போர்ட் கீஸ்போர்ட் ஒன்றும் வேண்டாம். பதினொரு மணிக்கு ஒரு விமானம் இருக்கிறது, பின்பக்கம் மலிவு வகுப்பில் இரண்டு இடம் கிடைக்கும் என்று துறைமுக ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி விசாரித்துச் சொன்னார்.

சேலை எடுக்கச் சிராங்கூன் ரோட்டுக்கு ஓடினேன். காதர் மைதீன் பாய் அப்போதுதான் கடைக் கதவைத் திறந்துகொண்டிருந்தார். சுமங்கலிக்கு என்பதால் சிவப்புப் பட்டு கேட்டேன். என் முகத்தைப் பார்த்தே எதற்கென்று தெரிந்துகொண்டார். விலை பேசவில்லை. பொட்டலத்தைக் கொடுக்கும்போது, எப்போதும் சொல்கிற 'போயிட்டு வாங்க'வையும் சொல்லவில்லை. தலையை மட்டும் அசைத்தார். அங்கேதான் எனக்கு முதன்முதலாகப் பயம் தட்டியது.

ஏன் பயம் என்று சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது? ஆறு வருஷத்துக்கு முன்னால் எங்கள் மகளுக்குக் காது குத்தினோம். என் அண்ணன் தாய்மாமன் முறைக்குக் கம்மல் வாங்கி வந்திருந்தான். வந்திருந்த சிவகாமி, நாலு பேர் முன்னால், "காதுல போட்டுருக்கா இல்லையான்னே தெரியலையே அண்ணி" என்று சிரித்தாள். என் பிறந்த வீட்டைச் சொன்னால் சும்மா விடுவேனா நான்? சபையிலேயே கிழித்துவிட்டேன். இனி இந்த வாசலை மிதிக்காதே என்றும் சொன்னேன். அவளும் மிதிக்கவில்லை. பொங்கலுக்குப் பொங்கல் தங்கச்சிக்கு ஒரு சேலை அனுப்பவேண்டும் என்று இவர் மெதுவாக ஆரம்பிப்பார். நான் ஒரு பார்வை பார்ப்பேன். அத்தோடு சரி. இப்படியே ஆறு பொங்கல் போயிற்று.

மகளைப் பக்கத்து அறையில் விட்டுவிட்டு, பாய லேபார் விமான நிலையம் போய்ச் சேர்ந்து, விமானத்தின் ஏணியில் ஏறும்வரை இவர் நன்றாகத்தான் இருந்தார். உள்ளே போய் உட்கார்ந்ததும் முகம் வெளுத்துவிட்டது. முழங்கால் முன் இருக்கையில் இடித்தது. பெல்ட்டைக் கட்டிவிட்டு, அது அவிழ்ந்துவிடக் கூடாதென்று இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"என்னங்க, தினமும் அந்தரத்துல தொங்குற ஆளு நீங்க!"

"அங்க நெம்புகோல் என் கையில இருக்கு. இங்க எவன் கையில இருக்கோ?" என்றார்.

அந்தப் பேச்சைக் கேட்டதும் நானும் என் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டேன். விமானப் பணிப்பெண் ஒரு தட்டில் மிட்டாயும் பஞ்சும் கொண்டுவந்து நீட்டினாள். மிட்டாய் வாயில் போட்டுக்கொள்ள, பஞ்சு காதில் வைத்துக்கொள்ள. இழவு வீட்டுக்குப் போகிறவர்களுக்கு மிட்டாயா? அதையாவது வேண்டாம் என்று தள்ளலாம். பஞ்சைப் பார்த்ததும் இவருக்கு உடம்பு தூக்கிப்போட்டது. பிணத்துக்குத்தான் மூக்கிலும் காதிலும் பஞ்சு வைப்பார்கள். "தா மாவு, தா மாவு" என்று மலாயில் வேண்டாமென்று சொல்லித் தலையைத் தலையை ஆட்டினார். பாவம் அந்தப் பெண், சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

விமானம் ஓடி எழும்பியது. சன்னலுக்கு வெளியே பார்த்த இவர் என் முழங்கையை நசுக்கினார்.

"ஏய், சக்கரம் கழண்டு உள்ள போகுது!"

பக்கத்து வரிசையில் இருந்த சீனர் ஒருவர், அது மடங்கி உள்ளே போகத்தான் வேண்டும், இறங்கும்போது வெளியே வரும் என்று மலாயில் சமாதானம் சொன்னார். "வரலைன்னா?" என்று இவர் தமிழில் என்னிடம் கேட்டார். எனக்கு என்ன தெரியும்?

ஜொகூர் தாண்டியதும் கறுத்த மேகத்துக்குள் புகுந்தது. திடீரென்று கீழே ஒன்றுமே இல்லாதது போல விமானம் இறங்கியது. யாரோ வீறிட்டார்கள். வேறு யாருமில்லை, நான்தான். காப்பிக் கோப்பைகள் உருண்டன. மறுபடி தூக்கியது, மறுபடி போட்டது. என் மடியில் அந்தப் பொட்டலம். வீரமாகாளியம்மா, இந்தச் சிவப்புச் சேலை யாருக்கு என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய் தாயே? சுமங்கலிச் சேலை, என் மடியிலேயே இருக்கிறது, பக்கத்தில் புருஷனும் இருக்கிறார், எல்லாம் எனக்குத் தோதாகத்தானே அமைந்திருக்கிறது! அவளை வாசலில் நிறுத்தினாயே, அனுபவி என்கிறாயா? பொட்டலத்தைக் கீழே வைக்கவும் பயம், வைத்திருக்கவும் பயம்.

இவர் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"ஒரு சேலை எடுத்துக் குடுத்திருக்கலாம்," என்றார். "உசுரோட இருக்கையில ஒண்ணே ஒண்ணு குடுத்திருக்கலாம் சந்திரா."

என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லி மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, "தப்புத்தாங்க, என் தப்புத்தான்" என்று அழுதேன்.

சக்கரம் வெளியே வந்தது. இறங்கினோம். டாக்சி பிடித்துச் செந்தூல் ரயில்வே குவார்ட்டர்ஸ் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று. வாசலில் பந்தல் இல்லை, நாற்காலி இல்லை, ஒரு மனிதர் இல்லை. இவர் கால் அப்படியே நின்றுவிட்டது.

"எடுத்துட்டாங்க. நாம வர்றதுக்குள்ள எடுத்துட்டாங்க."

எடுத்துவிட்டால் என்ன, இழவு வீட்டுக்குள் சும்மா நுழைய முடியுமா? பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தலைமுடியை அவிழ்த்துவிட்டு, வாசலிலிருந்தே குரலெடுத்தேன். "ஏ ராசாத்தி! உன்னைத் திட்டுன வாயி வேகலையே! ஒத்தச் சேலை கட்டக் குடுத்து வைக்கலையே!" முறைக்காக அழுத அழுகை இல்லை அது. மார்பில் அடித்துக்கொண்டே கூடத்துக்குள் போனேன்.

கூடத்தில் கட்டில். கட்டிலில் சிவகாமி. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"யாரு அண்ணி செத்தது?"

அடுப்படியிலிருந்து கஞ்சிக் கிண்ணத்தோடு சுந்தரம் ஓடிவந்தார். மூன்று நாளாக விஷக் காய்ச்சலாம். நேற்று நினைவு தப்பியதும் பயந்துபோய்த் தந்தி அடித்தாராம். ஆஸ்பத்திரி டிரஸர் வந்து போட்ட ஊசியில் காலையில்தான் கண் விழித்தாளாம். "நெலமை மோசம்னு உண்மையைத்தானே அடிச்சேன்!" என்றார் அந்த மனுஷர். இந்த உலகத்தில் உண்மையைத் தந்தியாக அடித்த முதல் ஆள் அவராகத்தான் இருக்கும்.

இவர் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, குழந்தை மாதிரி விம்மினார். சிவகாமி அவர் தலையைத் தடவினாள். அவள் கண் மட்டும் என் நெஞ்சிலிருந்த பொட்டலத்தை விட்டு நகரவில்லை.

"அது என்ன அண்ணி?"

"ஒண்ணுமில்ல. சும்மா."

"குடுங்க."

சுந்தரத்துக்குப் புரிந்துவிட்டது. "வேணாம், அது வேணாம்" என்று பதறினார். ஓடிப்போய் அடுப்பில் போட்டுவிடலாமா என்று பார்த்தேன். அதற்குள் அவள் கை நீட்டிக் காகிதத்தைக் கிழித்துவிட்டாள். சிவப்புப் பட்டு அவள் வயிற்றின் மேல் சரிந்தது. விரலால் கரையை நீவிப் பார்த்தாள். எதற்கு வந்த சேலை என்று தெரியாதவளா அவள்?

"பொறந்த வீட்டுச் சேலை," என்றாள். "ஆறு வருசமாச்சு. செத்தாத்தான் குடுப்பீங்கன்னு சொல்லியிருந்தா, நான் முன்னாடியே செத்திருப்பேன்ல அண்ணி."

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"குளுருது," என்றாள். "போத்தி விடுங்க."

"வேற போர்வை எடுத்துட்டு வரேன் சிவகாமி. உன் கால்ல வேணும்னாலும் விழுறேன், இது வேணாம்."

"இதான் வேணும்."

மடிப்பைப் பிரித்துக் காலிலிருந்து கழுத்துவரை போர்த்தினேன். முகத்தின் பக்கம் மட்டும் போகவிடவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அவள் அண்ணனும் நானும் இரண்டு பக்கமும் உட்கார்ந்து, நெஞ்சின் மேல் அந்தச் சிவப்பு ஏறி இறங்குகிறதா என்று பொழுது சாயும்வரை பார்த்துக்கொண்டே இருந்தோம்.